ஒடிலோன் கொடுத்த பேட்டி

பேட்டி காலை ஆறு மணிக்கே இணையத்தில் வெளியாகிவிட்டது. ஏழு மணிக்கு ஒடிலோனின் மனைவி ஜுரேமா காப்பிக் கோப்பையை அவர் முன் நங்கென்று வைத்தாள்.

"பெரிய கம்பெனிக்காரனெல்லாம் அட்டைப்பூச்சின்னு சொன்னியா?"

"அட்டைன்னுதான் சொன்னேன். பூச்சிய நிருபர் சேர்த்துக்கிட்டான்."

'கஜு' என்ற கணினி மொழியை உருவாக்கியவர் பேராசிரியர் ஒடிலோன். இருபது ஆண்டுகளாகப் பெரிய நிறுவனங்கள் அதை இலவசமாக எடுத்து ஓட்டின. ஒரு நன்றிக் கடிதம்கூட அவர் வசித்த பிரேசில் நகரமான பெலோ ஒரிசோன்ட்டே வரை வந்ததில்லை. நிருபர் கேட்டதும் கொட்டிவிட்டார். 'அவர்களிடம் பணம் இருக்கிறது, ரசனை இல்லை' என்ற வரியைக் குளியலறைக் கண்ணாடி முன் நான்கு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதும் உண்மைதான்.

"அந்த அட்டையில ஒண்ணுகிட்டதான் இன்னைக்குப் பத்து மணிக்கு ஐராசிக்கு இன்டர்வியூ."

ஒடிலோன் காப்பியைத் தள்ளி வைத்தார். மகள் எட்டு மாதமாக வேலை தேடுகிறாள்.

நிருபரை அழைத்தார். "கொஞ்சம் பதமா மாத்திடேன்பா."

"மாத்த முடியாது புரொபசர். கீழே ஒரு குறிப்பு வேணா போடுறேன்."

போட்டான்: 'நிறுவனங்களுக்குப் பயந்து பேட்டியைத் திரும்பப் பெறப் பார்க்கிறார்.' நானூறு பேர் படித்திருந்ததை அரை மணியில் நாற்பதாயிரம் பேர் படித்தார்கள்.

ஒடிலோன் பதறிப்போய்த் தன் இணையப் பக்கத்தில், 'அவர்களிலும் நல்லவர்கள் உண்டு' என்று எழுதினார். கஜுவுக்கென்று உலகத்தில் இருந்த முந்நூறு ரசிகர்களும் வந்து, எவ்வளவுக்கு விலைபோனார் என்று விசாரித்தார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு அந்த நிறுவனத்துக்கே கடிதம் அனுப்பினார்: 'ஐராசி என் மகள். என் பேச்சுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை.'

ஜுரேமா அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "விண்ணப்பத்துல அவ என் குடும்பப் பேரைத்தானே போட்டிருந்தா? உன் பொண்ணுன்னு அவங்களுக்கு இப்பத்தான் தெரியும்."

மதியத்துக்குள் ஒடிலோனின் பாலாடைக்கட்டி ரொட்டி தட்டிலேயே ஆறிக் கல்லானது.

பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. நிறுவனத்தின் ஆளெடுப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண்.

"சார், பேட்டியப் படிச்சோம். கடிதமும் கிடைச்சுது."

"தப்பு என்னோடது அம்மா. அவமேல கோவிச்சுக்காதீங்க."

"கோவமா? உங்க கஜுவப் பத்தி மனசுல பட்டதச் சொல்லுங்கன்னு ஐராசிகிட்டக் கேட்டோம். முக்கால் மணி நேரம் கிழிச்சாங்க சார், அதுக்கு முன்னால உங்க பேட்டியெல்லாம் ஒண்ணுமே இல்ல. எங்க மெஷின்லேர்ந்து கஜுவ மொத்தமா தூக்கி எறியுற டீமுக்கு அவங்களையே தலைவியாப் போட்டுட்டோம்."