கொதித்த குடுவை

சொன்ன வேலையைச் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ள எனக்கு ஏன் வருவதில்லை? இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

அப்போது அந்தமானில், புரோத்ராபூரில் குடியிருந்தோம். கடல் ஆராய்ச்சி ஆபீஸில் என் கணவருக்குத் தற்காலிக வேலை. ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, அடியில் கப்பல் எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடந்த சேற்றைச் சுத்தம் செய்ய வழி தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சேற்றிலேயே வாழும் ஒருவகைக் கிருமி சோப்பு மாதிரி ஒன்றைச் சுரக்கிறது, அது எண்ணெயைப் பிரித்துவிடும் என்று அங்கிருந்த வங்காளி ஆபீசர் நம்பினார். சோதனை பலித்தால் இவருக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் மெயின்லேண்ட்.

ஆபீஸ் விடுமுறையில் கிருமிக் குடுவை எங்கள் வீட்டுக்கு வந்தது.

"தினம் ஒரு கரண்டி வெல்லத் தண்ணி ஊத்தி நல்லா குலுக்கு. வேற ஒண்ணும் பண்ணிடாதே" என்று சொல்லிவிட்டு இவர் படகேறிப் போனார்.

ஒரு கையால் தொட்டிலையும் மறு கையால் குடுவையையும் ஆட்டினேன். (குடுவைதான் சமர்த்து.) மறுநாள்தான் கவனித்தேன்: வெல்லத் தண்ணீர் ஊற்றிய கரண்டி, மகன் சப்பிப் போட்ட கரண்டி! வீட்டுக் கிருமி உள்ளே போய் ஆபீஸ் கிருமியைக் கெடுத்துவிட்டால்? பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் நான்தான் முதல். எல்லாவற்றையும் பாத்திரத்தில் ஊற்றித் தளதளவென்று கொதிக்க வைத்தேன். (கெட்டது சாகும், நல்லது பிழைக்கும் என்று நினைப்பு. அரசாங்கக் கிருமி அல்லவா!)

விடுமுறை முடிந்ததும் இவர் ஆபீசரோடு வந்து நின்றார்.

"கவலையே வேண்டாங்க. நல்லா கொதிக்க வச்சு ஆத்தி வச்சிருக்கேன்."

"கொதிக்க வச்சியா?" இவர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்தார். "அடிப்பாவி, மொத்தமும் போச்சே!"

மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன்.

"ருக்கோ, ருக்கோ" என்று ஆபீசர் கையமர்த்தினார். கொண்டுவந்த சேற்றைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, என் கஷாயத்தை ஊற்றிக் கலக்கினார். மூவரும் குனிந்து பார்த்தோம். எண்ணெய் கறுப்புத் திட்டுகளாகப் பிரிந்து மெல்ல மேலே வந்தது.

"அரே வாஹ், பஹன்ஜி! கீடா மர் கயா, சாபுன் ஜிந்தா ஹை!"

கிருமி செத்தாலும் அதன் சோப்பு சாகவில்லையாம். சூட்டையும் தாங்கும் என்று தெரிந்ததில் அவருக்கு ஒரே குஷி. புதுக் கிருமிக்கு ஜெட்டியில் சேறா பஞ்சம்?

வேலை நிரந்தரமானது. டீ கொஞ்சம் அதிகமாகக் கொதித்தால் போதும், "யாருடி உள்ளே, பாவம்?" என்பார் இவர்.

அதைக் கேட்டே வளர்ந்த மகனுக்கு இப்போது நாலு வயது. சோப்புப் போட்டுக் கை கழுவ மாட்டேன் என்கிறான். "அப்பா வளர்க்கிற கிருமிய நீ ஏம்மா கொல்றே?"

வாசகிகளே, இவனுக்கு என்ன பதில் சொல்ல? சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் எழுதுங்கள்.