பூவாடைக்காரிக்கு இருபத்திரண்டு நம்பர்

திருவண்ணாமலை,
வெள்ளிக்கிழமை.

கீழ்பென்னாத்தூர் அக்கா சந்திரகலாவுக்குத் தம்பி வேணு எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் நலம். உன் முட்டிவலியும் மாமாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன்.

நடந்தது இதுதான். நம் வீட்டுப் பூவாடைக்காரி சாகும்போது அவளுக்கு வயது ஆறு.

போனில் சொன்னால் "புடவை வாங்க காசு கணக்கு பாக்கிறியா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால், செத்துப்போன நம் வீட்டுப் பெண்ணைக் கிணற்றடியில் போய் அழைத்து வந்து, பட்டுப்புடவை படைத்துக் கும்பிடுகிறோம். அழைப்பவள் நீ. படைத்த புடவையைக் கட்டிக்கொள்பவளும் நீ. நாலு கல்யாணத்துக்கு நாலு புடவை உன் பீரோவில் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் தாத்தா பெற்ற பெண் என்பதற்கு மேல் அவள் யார், பெயர் என்ன என்று நாம் கேட்டதே இல்லை. என் மகள் வினோதினி கல்யாணப் பத்திரிகையில் போட, மாப்பிள்ளை வீட்டார் முன்னோர் பெயர் ஏழு கொடுத்தார்கள். நம் பக்கம் வெறும் 'பூவாடைக்காரி'. பெயர் தெரியாத சரக்கை நான் என் துணிக்கடையில் வைத்ததில்லை.

பழைய இறப்புப் பதிவேட்டைப் பார்க்க ஆபீசுக்குப் போனால், அங்கிருந்தவர் சம்பந்தப்பட்டவங்க நேரில் வரணும் என்றார், நான் "அவங்க எங்க வீட்டுல சாமியா இருக்காங்க சார், கல்யாணத்துக்குத்தான் வருவாங்க" என்றேன், அவர் சிரிக்காமல் அப்போ அவங்க அப்பா அம்மா வரட்டும் என்றார், அவங்களும் செத்து நாப்பது வருஷம் ஆகுதுன்னு வாரிசு சர்டிபிகேட்டைக் காட்டி, மூணு தடவை நடந்து, கடைசியில் நோட்டைத் திறந்தா 'சகாதேவன் மகள், வயது இரண்டு'ன்னு இருந்தது, அங்கேயே உக்காந்து அழுதுட்டேன், வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டு நகலைப் பார்த்தா ஊர் வேற, நம்ம தாத்தா இல்லை, அது வேற சகாதேவன். அழுததை வாபஸ் வாங்க முடியுமா? மறுநாள் போய் மறுபடி அழுதேன். அதுதான் நம்முடையது: ரேணுகாம்பாள், அடி அண்ணாமலை, வயது ஆறு, காலரா, 1953 அக்டோபர்.

அப்பாவுக்கு அக்கா. அப்போது அப்பாவுக்கு நாலு வயசு. நமக்கு அத்தை. ஐம்பத்தொரு வயசில் ஆறு வயசுப் பிள்ளையை அத்தை என்று கூப்பிட நாக்கு வரமாட்டேன் என்கிறது.

ஊர்ப் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரிலும் இருக்கிறாள். ஜூனில் சேர்ந்தாள். அம்மை குத்திய தழும்பு உண்டு. அறுபத்தொரு நாள் வந்திருக்கிறாள். விலகிய காரணம்: இறப்பு. அந்த வருஷத் தீபத்துக்கு ஒரு மாசம்தான் இருந்தது.

இன்னொன்று. அப்பா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு தடவையும் புடவை மடிப்புக்குள் ஒரு முழம் சிவப்பு ரிப்பன் வைப்பாரே, ஞாபகம் இருக்கா? கடைக்காரன் கட்டிக்கொடுத்தது என்று நீயும் நானும் தூக்கிப்போட்டோம். அடுத்த கல்யாணத்துக்கும் வாங்கி வந்து வைத்தார். யாருக்கென்று சொல்லியிருக்கலாம்.

கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கவுன் விற்று ஆளானவன் நான். குழந்தைத் துணியில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. எழுபது வருஷமாக அந்தப் பிள்ளைக்குப் பட்டுப்புடவையைச் சுற்றிவிட்டிருக்கிறோம், தடுக்கி விழாமல் எப்படித்தான் நடந்து வந்தாளோ. இந்தத் தடவை பாவாடை சட்டைதான். அந்தக் காலத்துப் பிள்ளை, மெலிந்திருக்கும், இருபத்திரண்டு நம்பர் சரியாக இருக்கும். புடவை கிடையாது, இதில் பேரமும் கிடையாது. அதுக்காக அழைக்க வரமாட்டேன்னு மட்டும் சொல்லிடாதே. நீ கூப்பிட்டால்தான் வருவாள். ஒரு தடவையாவது பெயர் சொல்லிக் கூப்பிடு.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அண்ணாமலையார் துணை.

இப்படிக்கு,
தம்பி வேணு.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் வினோதினி இதைப் படம் பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். உன் போனும் வந்துவிட்டது. நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். நீயோ, "இருபத்திரண்டு எடுக்காதடா. ஒரு சைஸ் பெரிசா எடு. வளர்ற பொண்ணு" என்றாய். முப்பது வருஷமாக என் கடைக்கு வரும் அம்மாக்கள் எல்லாரும் சொல்வதுதான். இத்தனை பக்கம் எழுதியது வீண். இருந்தாலும் தபாலில் சேர்க்கிறேன், பேசியது எழுத்தில் இருக்கட்டும்: இருபத்து நாலு நம்பர், பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை, நானூற்று ஐம்பது ரூபாய், ஆளுக்குப் பாதி. சிவப்பு ரிப்பன் ஒரு முழம், அது உன் செலவு.