மூன்றாம் கியர் உதறல்

வண்டியின் சத்தம் வாங்கியவன் காதுக்கு மட்டும்தான் கேட்கும். விற்றவன் காதுக்குக் கேட்காது. அதுவும் வாரண்டி இருக்கும்வரை சுத்தமாகக் கேட்காது. வாரண்டி முடிந்த மறுநாள் அவனே முன்வந்து, "என்ன சார், வண்டி இவ்வளவு சத்தம் போடுது, கவனிக்கக் கூடாதா?" என்பான். இதைக் கொல்லிமலையில் எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்லத் தயார்.

நான் அரியூர் நாட்டில் (நாடு என்றால் எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது) மரவள்ளியும் மிளகும் போடுகிறவன். சில வருஷங்களுக்கு முன்னால், கிழங்கை அடிவாரத்துக்கு இறக்குவதற்காகப் புதுசாக ஒரு பிக்கப் வாங்கினேன். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஊரே பார்க்க ஓட்டி வந்த வண்டி. சில மாதங்களிலேயே அது உதற ஆரம்பித்தது. எப்போதும் அல்ல. பாரம் இருந்தால் உதறாது, சமதளத்தில் உதறாது. கிழங்கை இறக்கிவிட்டுக் காலியாக மலை ஏறும்போது, மூன்றாம் கியரில் மட்டும் உதறும். சீட்டு ஆடும், ஸ்டியரிங் ஆடும், வாயை மூடாவிட்டால் பல்லும் ஆடும். கூடவே அடியிலிருந்து ஒரு சத்தம்.

அது என்ன சத்தம் என்பதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. நான் 'லொடலொட' என்றேன்.

"லொடலொடன்னா தகரமுங்க. இது கடகட" என்றாள் என் மனைவி செல்வி. (இரண்டு நாள் இதற்காகப் பேசாமல் இருந்தோம்.)

ஷோரூமுக்குப் போனேன். டை கட்டிய ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "என்ன சவுண்ட் சார்?" என்றார்.

"முதல்ல கடகடங்குதுங்க. அப்பறம் லொடலொடங்குது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா உர்ருங்குது" என்று வாயாலேயே செய்து காட்டினேன். பக்கத்தில் கார் வாங்க வந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவர் அத்தனையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை தட்டினார்: 'சவுண்ட்'. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சத்தத்துக்குச் சத்தம் பெயர் வைத்திருக்கிற ஒரு மொழியில் பேசியவனுக்கு இதுதான் மரியாதையா?

வண்டியை பைபாஸில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "நார்மல் சார்" என்றார்கள். அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றி பேலன்ஸ் பார்த்துவிட்டு, "நார்மல் சார்." அதற்கடுத்த முறை, "மலை ரோடு சார், அப்படித்தான் இருக்கும்."

"ரோடு ஒதறுச்சுன்னா ரோடு போட்டவங்ககிட்டல்ல போயிருப்பேன்? உங்ககிட்ட எதுக்குங்க வாரேன்?" என்று கத்தினேன். தண்ணீர் கொடுத்தார்கள். அதுவும் நார்மல்தான், ஜில் இல்லை.

வாரண்டி முடிகிற சமயம் நெருங்கிவிட்டது. முடிந்துவிட்டால் கோளாறு மொத்தமும் என் தலையில். அந்த வருஷத்துக் கிழங்கே அதற்குப் போய்விடும். கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டுத் தொல்லை கொடுத்து, கடைசியில் ஓர் இன்ஜினியரை வரவழைத்தேன்.

"காலி வண்டி, மலை ஏத்தம், நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன். ஒரே தடவைதான். சத்தம் வரலைன்னா கம்ப்ளெய்ண்டை குளோஸ் பண்ணிடுவேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். அவர் சொன்ன தேதிக்கு நான் தலையாட்டினேன். அன்றைக்குப் பேளுக்குறிச்சி சந்தை என்பது, அடிவாரத்தில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் உறைத்தது.

சந்தை நாளில் காலியாக மலை ஏறுகிற வண்டி, யார் பெயரில் இருந்தாலும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் சொந்தம். கை காட்டிக் கேட்பதெல்லாம் கிடையாது. வளைவில் வேகம் குறைந்தால் முதலில் மூட்டை விழும், பின்னாலேயே ஆள் ஏறும். வேண்டாம் என்று சொன்னவன் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

முதல் வளைவில் ஒரு உப்பு மூட்டை விழுந்தது. "நாந்தான் கண்ணு, நீ போ" என்றது ஒரு குரல். அடுத்த வளைவில் பிளாஸ்டிக் குடங்கள். அதற்கடுத்ததில், கையில் ஒரு சேவலோடு, தேவனூர் நாட்டிலிருக்கும் என் மாமியார்.

"நம்ம மாப்ள வண்டிங்களா! நல்ல வேளை சாமி" என்று ஏறிக்கொண்டார்.

பாரம் ஏறியதும் வண்டி பட்டுப் போல் போனது. நான் மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை மிதி மிதி என்று மிதித்தேன். ஒரு சிணுங்கல் வேண்டுமே! இன்ஜினியர் பின்பக்கக் கண்ணாடியைத் தள்ளி, "ஏம்மா, வண்டி எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

"எங்க மாப்ள வண்டிக்கு என்னங்க கொறை?" என்றார் மாமியார். "தொட்டிலாட்டம் போகுது. ஒரு சத்தமில்லீங்க."

"ஆமாங்க, ஆமாங்க" என்றது பின்னால் இருந்த கூட்டம். மருமகன் வண்டியை வெளியாளிடம் விட்டுக்கொடுக்கக் கூடாதாம்! அந்த நல்ல மனசை நான் என்ன செய்ய?

இன்ஜினியர் பேனாவை எடுத்தார். "உங்காளுங்களே நார்மல்னு சொல்றாங்க. அதுவுமில்லாம, கூட்ஸ் வண்டியில ஆள் ஏத்தினா வாரண்டியே செல்லாது, தெரியுமா?"

அடுத்த கொண்டை ஊசி வளைவில் பிரேக் அடித்தேன்.

"எல்லாரும் எறங்குங்க!"

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். மாமியார் மட்டும் அசையவில்லை.

"அத்தை, நீங்களும் எறங்குங்க."

"நானுங்களா?"

"ஆமாங்க. இதா, போன சுருக்குல திரும்பி வந்து ஏத்திக்கறேன்."

அவர் இறங்கினார். சேவல் என்னைப் பார்த்து ஏதோ சொன்னது. நல்ல வார்த்தை இல்லை.

காலி வண்டி மேட்டில் ஏறியது. மூன்றாம் கியர் போட்டேன். அடடா, என்னமாய் உதறியது! இன்ஜினியரின் பேனா விழுந்தது, மூக்குக்கண்ணாடி வாய்வரை இறங்கியது. "இது கடகட! இப்ப லொடலொட வரும், கேளுங்க!" என்று கூவினேன். வந்தது. கெட்டுப்போன வண்டியில் அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று இறங்கி, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்தபோது குரல் மாறியிருந்தது.

"இன்ஜின்லேருந்து பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்டைத் தாங்குற பேரிங் போயிடுச்சு. ஷாஃப்டையே மாத்தணும். வாரண்டியில பண்ணித் தர்றோம். ஆனா இனிமே ஒரு அடி ஓட்டக் கூடாது. கீழேருந்து வண்டி வந்து இழுத்துட்டுப் போகும்."

"சார், வளைவுல எங்க மாமியார் நிக்கறாங்க..."

"ஓட்டினா வாரண்டி போயிடும். உங்க இஷ்டம்."

நான் யோசித்தேன். (எவ்வளவு நேரம் யோசித்தேன் என்பதல்ல, யோசித்ததே தப்பு என்பது செல்வியின் கட்சி.) சாவியை இன்ஜினியர் கையில் கொடுத்துவிட்டு நடந்து இறங்கினேன். போனில் சிக்னல் இல்லை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எதிரே பஸ் ஏறி வந்தது. ஜன்னலோரம் மாமியார், மடியில் சேவல், இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். நான் கையை ஆட்டினேன். அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை.

ஷாஃப்ட் மாற்றித் தந்தார்கள். வண்டி இப்போது உதறுவதில்லை. எங்கள் மலையில் ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வளைவுக்கு மட்டும் ஜனங்கள் 'மாமியார் வளைவு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கண்டக்டரே அப்படிச் சொல்லித்தான் விசில் அடிக்கிறார். கேட்கிறேன், மட்டமான பேரிங்கை மாட்டி விற்றது யார்? இரண்டு தடவை 'நார்மல்' என்றது யார்? அவர்கள் பெயரில் இந்த மலையில் ஒரு வேகத்தடையாவது உண்டா?

மாமியார் இன்றும் சந்தை நாளில் என் வண்டிக்குத்தான் காத்திருக்கிறார். ஆனால் நிறுத்தியவுடன் ஏறமாட்டார். கூட்டம் முழுவதும் சிரிக்கக் காத்திருக்க, ஜன்னல் பக்கம் குனிந்து ஒரு கேள்வி கேட்பார்:

"வாரண்டி முடிஞ்சுபோச்சுங்களா மாப்ள?"

"முடிஞ்சுபோச்சுங்க அத்தை" என்று நான் வாய்விட்டுச் சொன்னால்தான் காலைத் தூக்கி வைப்பார்.