அண்ணாந்தாரும் ஜப்பான் கிண்ணமும்

போடியிலிருந்து போடிமெட்டு வரை சல்லடை போட்டுத் தேடினாலும், எந்தப் பாத்திரத்திலும் உதடு படாமல் ஐம்பது வயதைத் தாண்டிய பிறவி எங்கள் ஜீப் டிரைவர் அண்ணாந்தார் ஒருவர்தான். தண்ணீர், டீ, கஷாயம் எதுவானாலும் தலையை அண்ணாந்து, தூக்கித்தான் ஊற்றிக்கொள்வார். பெயர் வந்ததும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் வாயில் தெர்மாமீட்டர் வைக்க வந்த நர்ஸிடம், "ஊரு எச்சியா இருக்கும்மா, கக்கத்துலயே வையி" என்றவர்.

அவருக்கு ஒரே மகள், செல்வி. ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. லீவு நாட்களில் அங்கே மண்பாண்டம் செய்யப் பழகியவள், போன மாதம் அப்பாவுக்கு ஒரு டீக்கிண்ணம் அனுப்பினாள். நல்ல அகலம், பளபளவென்று கருப்பு மெருகு, விளிம்பு மட்டும் கொஞ்சம் கோணல்.

"ஏண்ணே, புளி கரைக்கிற சட்டியவா அனுப்பிருக்கா?" என்றார் ஜீப் ஸ்டாண்டு டீக்கடைக்காரர்.

"எம்மவ கையால செஞ்சதுய்யா. அங்கன இதுலதான் டீ குடிப்பாகளாம்," என்றார் அண்ணாந்தார், முறைப்பாக.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அதில் குடித்துக் காட்ட வேண்டும் என்பது மகளின் உத்தரவு. இரண்டு கையாலும் ஏந்தி, லேசாகத் திருப்பி, விளிம்பில் வாய் வைத்துக் குடிக்க வேண்டுமாம். ஏந்துவதும் திருப்புவதும் ஸ்டீயரிங் பிடித்த கைக்குச் சாதாரணம். வாய் வைப்பதுதான் நடக்காத காரியம். குடிக்காவிட்டாலோ பிள்ளை மனசு வாடிப் போகும்.

எனவே ஸ்டாண்டில் தண்ணீர் ஊற்றி ஒத்திகை ஆரம்பமானது. தம்ளரிலிருந்து தாரையாக விழும் தண்ணீர், அகலக் கிண்ணத்திலிருந்து மொத்தமாகக் கவிழ்ந்தது. முதலில் மூக்கு. அடுத்தது சட்டைப்பையும் அதிலிருந்த பீடிக்கட்டும். பிறகு, பக்கத்தில் நின்று யோசனை சொன்ன என் தலை.

ஞாயிறும் வந்தது. ஏலக்காய் தட்டிப் போட்ட டீ கிண்ணத்தில் ஆவி பறந்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாந்தார் கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கியதும் கூட்டம் ரோட்டின் மறுபக்கம் ஓடிவிட்டது.

"அப்பா, மூஞ்சி வெந்துரும்ப்பா," என்றாள் செல்வி போனில். "புடிக்கலேன்னா வேணாம், கீழ வச்சிருங்க." சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

அவர் கிண்ணத்தை இறக்கினார். அதன் மேலிருந்த தடங்களைப் பார்த்தார். "ஆத்தா, இது அம்புட்டும் ஓன் வெரலா?"

"ஆமாப்பா. சக்கரத்துல வைக்காம கையாலயே புடிச்சுச் செஞ்சது."

"ஓன் வெரலு பட்டதுல எச்சி என்ன இருக்கு," என்று முணுமுணுத்தவர், விளிம்பில் உதட்டை வைத்தார். கிண்ணம் காலியாகும் வரை எடுக்கவில்லை.

கேலி செய்யவென்றே காத்திருந்த கூட்டம் ரோட்டைத் தாண்டித் திரும்பி வந்து அவரைச் சுற்றி நின்றது. வழக்கமாக முதல் ஆளாகச் சிரிக்கிற எனக்கு, டீ சொட்டும் மீசையோடு நின்ற அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.