துடைக்கத் துடைக்க ஒரு தாமரை

என் வீட்டில் என் சொல் ஒரு தடவையாவது நடக்கவேண்டும் என்று நான் முடிவெடுத்தது இட்லி சாப்பிடும்போது. சட்னி நன்றாக இருந்தது. தைரியம் வந்தது. எடுத்த முடிவும் சின்ன முடிவில்லை. மகள் கல்யாணம்.

என் அக்கா குப்பாயி குண்டடத்தில் இருக்கிறாள். அவள் மகன் செங்கோட்டையன். முருங்கைத் தோட்டம், வற்றாத கிணறு, தங்கமான பையன். முருங்கைக்காய் விலையைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாது. அப்படிப்பட்டவனோடு சண்டையே வராது என்பது என் கணக்கு. "எம் பொண்ணு உம் பையனுக்குத்தான்" என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது பக்கத்தில் என் சம்சாரம் மயிலாள் இல்லை. அவள் பக்கத்தில் இருக்கும்போது நான் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை.

மகள் அனிதா எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெள்ளைக்காரனிடம் போனில் இங்கிலீசில் மல்லுக்கட்டி ஆர்டர் வாங்குகிற வேலை. குண்டடம் போனால் வேலை போய்விடும். "அப்பா, முருங்கைக்காய்கிட்ட நான் என்னத்த இங்கிலீசு பேசறது" என்று கேட்டாள். கேள்வி நியாயம்தான். ஆனால் வாக்கு இருந்ததே.

மயிலாள் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை.

"ஜாதகம் பொருந்துச்சுன்னா பாக்கலாமுங்க" என்றாள்.

அவள் மறுப்பு எப்போதும் இப்படித்தான் மரியாதையாக வரும். அவிநாசி ஜோசியர் முன்னமே பார்த்து பத்துக்கு மூன்று என்று சொல்லியிருந்தார். அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

எங்கள் தொழிலைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் பனியன் வேஸ்ட் குடோன். கம்பெனிகளில் கட்டிங் போக மிஞ்சுகிற துண்டுத் துணியை மூட்டையாக வாங்கி, நிறம் நிறமாகப் பிரித்து விற்போம். மூட்டை தூக்குவது நான். பிரிப்பது மயிலாள். ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள் என்றால், குழந்தை உடுப்பா பெரியவர் உடுப்பா, எந்த இடத்தில் கட்டிங் மாஸ்டர் கை தவறினார், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து வெட்டினாரா என்பது வரைக்கும் சொல்வாள். முப்பது வருசமாகப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பார்த்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அப்போது 2008. கரண்ட் வருவதைவிடப் போவது அதிகமாக இருந்த வருசம். அனிதா வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். எல்லாரும் வைத்திருக்கிற விண்டோஸ் இல்லை. லினக்ஸ் என்று ஒன்று. வைரஸ் வராதாம், காசும் இல்லையாம். மயிலாளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவள் அதில் வேஸ்ட் ரேட்டு எழுதி வைப்பாள், முருகன் பாட்டுக் கேட்பாள்.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அந்தோணிராஜ் தூத்துக்குடிப் பக்கம். பஞ்சம் பிழைக்க வந்து நம்மூரையே பிழைக்க வைக்கிறவர். அவரிடம் ஜாதகம் பார்க்கிற சி.டி. ஒன்று இருந்தது. மயிலாள் குடோனில் இருக்கிற நேரம் பார்த்து அவரைக் கூட்டிவந்தேன்.

"அண்ணாச்சி, இது விண்டோஸுக்குச் செஞ்ச சாமான். ஒங்க லினக்ஸுல ஓடாது" என்றார்.

"ஓட வெக்க முடியாதுங்களா?"

"வெக்கலாம். நடுவுல ஒண்ணப் போடணும். இது ஒன் சொந்த ஊருதாம்லேன்னு அந்த சாமான நம்ப வைக்கும்."

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. நம்ம கம்பெனிகளுக்கு வடக்கே இருந்து ஆள் வருகிறது. தமிழ் தெரியாது. நடுவில் ஒரு காண்ட்ராக்ட்காரர் நின்று, தங்க ரூம் கொடுத்து, சப்பாத்தி போட்டு, ஊர் நினைப்பே வராமல் வேலை வாங்குகிறார். அதேதான் இது. ஆள் ஊருக்குப் போன பிறகு அவன் கட்டில், காலண்டர், கடுகெண்ணெய் பாட்டில் எல்லாம் ரூமிலேயே கிடக்கும் என்பதுதான் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

ஓடியது. தாமரைப்பூப் படம் ஒன்று வந்து நின்றது. அதைத் தொட்டால் ஜாதகம்.

அனிதா பிறந்தது சாயங்காலம் ஆறு மணி. போட்டேன். பத்துக்கு மூன்று. கம்ப்யூட்டரும் அவிநாசி ஜோசியரும் ஒரே கட்சி. ஏழு மணி போட்டேன். மூன்று. எட்டு போட்டேன். மூன்று. பிறந்த குழந்தையைத் திரும்ப உள்ளே அனுப்பி அனுப்பி வெளியே எடுத்தேன். ராத்திரி போய், தேதி மாறி, விடிகாலை நாலு மணிக்குப் போட்டதும் பத்துக்கு ஒன்பது.

இரண்டு தாள் பிரிண்ட் வந்தது. முதல் தாளில் பிறந்த விவரம், இரண்டாம் தாளில் பொருத்தம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் தாளை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன். இரண்டாவதை மயிலாளிடம் நீட்டினேன்.

"ஒம்பதுங்களா" என்றாள்.

"ஜோசியர் மனுசன், தப்புப் பண்ணுவாரு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மயிலு."

"சரிங்க."

அவ்வளவுதான். எனக்கே ஒருமாதிரி இருந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை வந்து பூ வெச்சிரு" என்றேன். ஜோசியரைப் பற்றியும் கம்ப்யூட்டரைப் பற்றியும் சொன்னதை அவளிடமும் சொன்னேன்.

இனி வேலை ஒன்றுதான். தடயம் இருக்கக்கூடாது. தாமரைப் படத்தை அழித்தேன். போயிற்று. காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் மயிலாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வரிசையா பேரு இருக்குதல்லங்க, இதுல ஒரு தாமரை முளைச்சிருக்குது."

"அது பிரிண்டருக்குங்க" என்றேன். பயத்தில் அவளுக்கே ங்க போட்டுவிட்டேன். "தொடாத. ஷாக் அடிக்கும்."

"சரிங்க."

அவள் குடோனுக்குப் போனதும் அந்தோணிராஜுக்குப் போன்.

"அண்ணாச்சி, நீங்க போர்டத்தான் கழட்டிருக்கீய. கடை உள்ள அப்படியே கெடக்கு."

அவர் சொல்லச் சொல்ல வரிசையில் இருந்த தாமரையைத் தேடி எடுத்தேன். வேர்த்துவிட்டது. எடுத்து முடித்ததும் கரண்ட் போனது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாள்.

"ஏனுங்க, என்ற வேஸ்ட் ரேட்டத் தொட்டா வேற என்னமோ ஜன்னல் தொறக்குது. பழையபடி வரமாட்டீங்குது."

"உனக்குக் கண்ணாடி மாத்தணும்."

"எனக்குங்களா?"

"சரி, எனக்கு."

"ஏனுங்க, ரெண்டு நாளா கம்ப்யூட்டர் மேசையே கதின்னு இருக்கறீங்க. தின்ன தட்டத் தூக்கி வெக்காத மனுசன், நேத்து மேசையத் துணி போட்டுத் தொடச்சீங்க. ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

"வீடு சுத்தமா இருக்கட்டும்னுதான்."

"சரிங்க."

இந்தச் சரிங்க இருக்கிறதே, இதை எடை போடத் தெரிந்த ஆண்பிள்ளை எங்கள் ஜில்லாவில் யாரும் கிடையாது.

மறுபடி அந்தோணிராஜ்.

"அது அப்படித்தான் அண்ணாச்சி. வந்தவன் ஒங்க வீட்டு ஆளுககிட்டயெல்லாம் இனி எல்லாத்துக்கும் என்னயக் கேளுன்னு சொல்லி வச்சிருப்பான். வேரோட புடுங்கணும். ஒளிஞ்சு கெடக்க போல்டர் ஒண்ணு இருக்கு, பேருக்கு முன்னால ஒரு புள்ளி வச்சிருக்கும். நான் சொல்றத அமுக்குங்க, கண்ணுக்குத் தெரியும்."

அமுக்கினேன். தெரிந்தது. அத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கிறது, ஒரு சின்னப் புள்ளிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு. உள்ளே போய்ப் பார்த்தால் தாமரை, சி.டி.யில் வந்த சாமான் எல்லாம், நடுவிலே வரிசையாக அனிதா, அனிதா, அனிதா. நான் நேரம் மாற்றி மாற்றிப் போட்ட ஒவ்வொரு அனிதாவையும் அது பத்திரமாக எடுத்து வைத்திருந்தது. மொத்தத்தையும் அழித்தேன்.

"இனிமே குப்பத்தொட்டியக் காலி பண்ணிருங்க. அதோட தீந்துது" என்றார் அந்தோணிராஜ்.

குப்பைத்தொட்டியைத் திறந்தேன். ஒரு கேள்வி கேட்டது. காலி செய்யட்டுமா, செய்தால் திரும்பக் கிடைக்காது என்று.

கேளுங்க, இதுதான் இடம். முப்பது வருசம் வேஸ்ட் வியாபாரம். ஒரு கைப்பிடி துண்டுத் துணியைக்கூட நான் தெருவில் கொட்டியதில்லை. கறுப்புத் துணி ஒருவருக்கு ஆகாவிட்டால் இன்னொருவருக்கு ஆகும். என்னைப் பார்த்து, சும்மா கொட்டிவிடட்டுமா, திரும்பக் கிடைக்காது என்று ஒரு பெட்டி கேட்கிறது. கை வரவில்லை. நாளைக்குத் தம்பி பொண்ணுக்கு ஜாதகம் பார்க்கவேண்டி வந்தால்? வேண்டாம் என்று அமுக்கிவிட்டு, சுத்தமான மனசோடு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா பூ, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கட்டு முருங்கைக்காய் எல்லாம் கொண்டுவந்தாள். செங்கோட்டையன் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்து, "மாமா, இந்த வாரம் காய் எறங்கிப் போச்சுங்க" என்றான். அனிதா சமையலறைக் கதவோரம் நின்றாள். கண் சிவந்திருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அப்பறம் என்ன தம்பி, பூவ வெச்சிரலாமா?" என்றாள் அக்கா.

"பத்துக்கு ஒம்பது. இனி என்ன யோசனை" என்றேன்.

மயிலாள் காபி கொண்டுவந்து வைத்தாள். "நங்கையா, ஜாதகத்த முழுசா ஒருக்காக் கேட்டுருங்க. நாளைக்கு எங்க மேல ஒரு சொல் வரக்கூடாதல்லங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, மொதத் தாளு சாமி படத்துக்குப் பின்னால இருக்குது. எடுத்துப் படிங்க."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க நேரமில்லை. எடுத்தேன். ஒளித்து வைக்கிற அவசரத்தில் நானே அதுவரை அதைப் படித்திருக்கவில்லை. பிறந்த நேரத்தை மென்று விழுங்கிவிட்டு மேலே போனேன்.

"பெயர் அனிதா. ராசி கடகம். நட்சத்திரம்..."

நின்றுவிட்டேன்.

"சத்தமாங்க" என்றாள் மயிலாள்.

"ஆயில்யம்."

அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். எங்கள் பக்கத்தில் இதைப் பச்சைக் குழந்தையும் சொல்லும். ஆயில்யத்துப் பெண் வீட்டுக்கு வந்தால் மாமியாருக்கு ஆகாது. மாமியாராக வரப்போகிறவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். முருங்கைக் கட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொள்கிறாள்.

"இவ பூசமல்ல தம்பி?"

"நானும் இத்தன வருசம் பூசம்னுதானுங்க கோயில்ல அர்ச்சனை வெச்சுட்டு இருந்தேன்" என்றாள் மயிலாள், தலையைக் குனிந்து. "உங்க தம்பிதான் கம்ப்யூட்டர்ல போட்டுக் கண்டுபுடிச்சாருங்க. ஜோசியர் மனுசன், தப்புப் பண்ணுவாரு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்களே."

"ஆமா, எங்கிட்டயும் போன்ல அதத்தான் சொன்னான்" என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, இது வந்து, தாளு மாறிப்போச்சு. சரியானது வேற ஒண்ணு..."

"அப்படிங்களா? அது எங்கீங்க இருக்குது?" என்று கேட்டாள் மயிலாள். அவ்வளவு பணிவாக அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. "குப்பைத்தொட்டியில கெடக்குமுங்களா? தொறந்து நங்கையாளுக்குக் காட்டீரலாங்களா?"

அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. திறந்தால் அனிதா, அனிதா, அனிதா என்று என் மானம் வரிசையாக வந்து விழும்.

"வேண்டாம்" என்றேன். "தாளு சரிதான்."

அக்கா எழுந்தாள். கோபமெல்லாம் இல்லை. பயம்தான். "அம்மிணி நல்லா இருக்கட்டும். நல்ல எடமா, மாமியா இல்லாத ஊடாப் பாருங்க" என்று அனிதாவின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். பூவை விட்டுவிட்டாள். தேங்காயை எடுத்துக்கொண்டாள். அனிதா அந்தப் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, யாருக்கோ போன் போட்டு, சிரித்துச் சிரித்து இங்கிலீசில் சண்டை போட ஆரம்பித்தாள்.

வாசலில் தூசி அடங்கியதும் மயிலாளிடம் கேட்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அந்தத் தாமரைய நீங்க சும்மா விட்டிருந்தா பிரிண்டருதுன்னே நெனச்சிருப்பேனுங்க. தொடைச்சீங்க பாருங்க, அப்பத்தான் ஏதோ சிந்தியிருக்குதுன்னு தெரிஞ்சுது."

"அப்பறம்?"

"நம்ம தொழிலு என்னுங்க? வேஸ்ட்டப் பிரிச்சுப் பார்த்தேன். குப்பைத்தொட்டியத் தொறந்தா ஒரு மூட்டை அனிதா. ஆறு மணி, ஏழு மணி, எட்டு மணின்னு போட்டிருக்குது. மொதத் தாளு சாமிக்குப் பூ வெக்கறப்பக் கெடச்சுது." அவள் குரல் கொஞ்சம் மாறியது. "புள்ளையப் பெத்தது நானுங்க. அன்னிக்கு வலி எப்ப நின்னுதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? நீங்க உங்க வாக்குக்காக என்னைய விடியற வரைக்கும் முனக உட்டுட்டீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிக்கிற விசயமாக இருந்தது, அதுவரைக்கும்.

"நாலு மணிக்கு ஆயில்யத்துல வந்து நீங்களே நின்னுட்டீங்க. எனக்கு வேல மிச்சம்" என்றாள், சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"சரி, தப்புத்தான். இப்பவே போய்க் குப்பையக் காலி பண்ணிர்றேன்."

"வேண்டாமுங்க, அதையெல்லாம் எடுத்துப் பழைய எடத்துலயே வெச்சுட்டேன். தாமரையும் வந்துருச்சு."

"எதுக்கு?"

"நம்ம ரெண்டு பேரு ஜாதகத்தையும் போட்டுப் பாத்தேனுங்க. பத்துக்கு மூணு வந்துது."

"நேரம் தப்பாப் போட்டிருப்ப."

"நானும் அப்படித்தான் நெனச்சு உங்க நேரத்த மாத்தி மாத்திப் போட்டேனுங்க" என்றாள் மயிலாள், காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே. "நீங்க எப்பப் பொறந்தாலும் மூணுதானுங்க வருது."