இரண்டு மில்லை முடித்த கதை

கூச்சக்காரன் பேசாமல் இருக்கும்வரை யாருக்கும் கெடுதல் இல்லை. என்றைக்காவது வாயைத் திறப்பான் பாருங்கள், அன்றைக்குத்தான் வினை. நான் வாயைத் திறந்த நாளில், ஒன்றாகச் சேரவேண்டிய இரண்டு கம்பெனிகள் சேராமல் போயின.

ஐம்பதுகளின் தொடக்கம். மலையாள எல்லையோரத்து எருத்தேன்பதியில் என் மாமாவுக்கு ஒரு கடலை எண்ணெய் மில் இருந்தது. எஞ்சின் படுத்துவிட்டது. நல்லேப்பிள்ளி நாயரின் மில்லில் எஞ்சின் ஓடியது, ஆட்டத்தான் கடலை இல்லை. இரண்டையும் ஒரே கம்பெனியாக்கினால் பிழைப்பு உண்டு. இல்லாவிட்டால் மாமா மில்லை மூடவேண்டியதுதான். நாயர் சம்மதித்தார். ஒரே ஒரு ஆசை அவருக்கு: கையெழுத்துப் போடும்போது, அவர்கள் ஊர்க் கோயிலில் வெடிப்பதுபோல கதினா வெடிக்கவேண்டும். கதினா என்றால் வெடிமருந்தைத் திணித்து வெடிக்கும் இரும்புக் குழாய்.

"கோயில்ல வாங்கீட்டு வந்துரு. யாருகிட்டயும் பேசாத" என்று மாமா என்னை அனுப்பினார். (என்மேல் அவ்வளவு நம்பிக்கை.)

தலைமறைவாக இருக்கும் கட்சிக்காரர்கள் குண்டு வைக்கிறார்கள் என்று எல்லைப் பக்கமெல்லாம் போலீஸ் சோதனை நடந்த காலம் அது. கொழிஞ்சாம்பாறையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மலையாளத்துப் போலீஸ்காரர் என் சாக்கைத் தடியால் தட்டினார். டங் என்றது.

"இதில் எந்தாடா?"

கதினா என்ற பெயர் அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. "இரும்புங்க. மருந்துங்க."

"மருந்தோ? எந்தினு?"

"ரெண்டு கம்பெனிங்க. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சுப்போடோணுங்க."

"ஆரு பறஞ்ஞு?"

"எங்க மாமனுங்க. நாயரும் மில்லுக்கு வந்துட்டாருங்க. நான் போனாத்தானுங்க வேட்டு."

பஸ்ஸில் என்னைத் தவிர யாரும் மிஞ்சவில்லை.

நமக்கு முடிப்பது என்றால் பேசி நல்லபடியாக நிறைவேற்றுவது. மலையாளத்தில் அதற்கு நாசம் செய்வது என்று அர்த்தம். இதை எனக்கு ஸ்டேஷனில்தான் சொல்லிக் கொடுத்தார்கள். (நான் படித்த நாலு வகுப்பில் இந்தப் பாடம் இல்லை.)

என்னையும் சாக்கையும் ஜீப்பில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோனார்கள். ஜீப்பைப் பார்த்ததும் நாயர் கையிலிருந்த பேனாவைப் போட்டுவிட்டு, பின்பக்க வேலியைத் தாண்டி நாற்றங்காலுக்குள் விழுந்து ஓடினார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாகப் போகும் என்று நான் நினைத்ததில்லை. இன்ஸ்பெக்டர் சாக்கை அவிழ்த்துப் பார்த்து, "இது நம்முடெ கதினயல்லேடா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பைக் கேட்க நாயர்தான் இல்லை.

"போலீசு கேறிய கம்பெனி நமக்கு வேண்டா" என்று மறுநாள் நாயர் ஆள் விட்டுச் சொன்னார்.

சோதனையெல்லாம் ஓய்ந்து, நாயரின் பயமும் தெளிந்து, மில்கள் ஒன்றானபோது ஒரு வருஷம் போயிருந்தது. பங்காளியாக வேண்டிய மாமா அதற்குள் மில்லை நாயருக்கே விற்றுவிட்டு அங்கேயே மேஸ்திரி ஆகியிருந்தார். எனக்குப் புண்ணாக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வேலை கொடுத்தார் நாயர். அங்கே பேச்சுத்துணைக்கு வண்டிமாடுகள் மட்டும்தான்.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் என்னைப் பார்த்து, "அப்ப, பேசி முடிச்சரலாங்களா?" என்றார்.

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"அவரக் கேக்காதீங்க. அவரு முடிச்சா போலீசு வரும்."