மூன்று தடவை மறுக்கப்பட வேண்டிய மனு

தோட்டத்துக்கு ஒருவர், தாமான் என்கிற வீட்டுமனைக் குடியிருப்புக்கு ஒருவர் என்று மலேசியாவின் பேராக் மாநிலம் முழுக்கப் பரவிக் கிடக்கிற ஓர் இனம் உண்டு. போராட்டம் என்றால் உயிரை விடுவார். போராடிக் கேட்ட பொருள் கையில் வந்தால் முகம் செத்துப்போகும். நம் ஆளைச் சன்னாசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவில் தொழிற்சங்கம் நடத்திய வகுப்புக்குப் போகும்வரை அவரும் ஒழுங்காக ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தவர்தான். அங்கே யாரோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தொழிலாளிகள் ஓட்டுரிமை கேட்டு, லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கி, பார்லிமெண்டுக்கு மூன்று தடவை மனு சுமந்த கதையைச் சொல்லிவிட்டார்கள். மூன்றையும் தள்ளிவிட்டார்களாம். அதில் ஒன்று அத்தனை பெரிதாம், வாசலில் நுழையவே இல்லையாம். சன்னாசி அந்த வாசலிலேயே சொக்கிப்போனார்.

அப்புறம் தோட்டத் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. பெண்கள் வேலை முடிந்த கையோடு ஆற்றுக்கு ஓடினார்கள். ஆற்றுத் தண்ணீர் குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. மானேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சன்னாசி சொல்ல விடுவாரா? சிமெண்டுப் பைகளைப் பிரித்து ஒட்டி, உயிரோடு இருப்பவர்கள் போதாமல் செத்தவர்கள் பேரையும் சேர்த்து, லாரி டயர் பருமனுக்கு மனுவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்து நிரையில் மரம் சீவும் செல்லாயி வந்தாள்.

"அண்ணே, என் புள்ளைக்கு நிக்காம போவுது. நான் போயி மானேஜர்கிட்ட சொல்லிட்டு வாரேன்லா."

"பொறு தங்கச்சி. மொத மனுவத் தள்ளணும். ரெண்டாவதையும் தள்ளணும். மூணாவதுதான் சரித்திரம்."

"அதுவரைக்கும் புள்ளைக்குக் கழுவிவிட உங்க சரித்திரமா தண்ணி ஊத்தும்?"

மறுநாள் மனு லாரியில் ஏறி ஆபீஸ் வாசலில் சிக்கியது. முன்னால் நாலு பேர் இழுக்க, எங்கே உள்ளே போய்த் தொலைந்துவிடுமோ என்று சன்னாசி பின்னாலிருந்து இழுத்தார். செல்லாயி குனிந்து, அதற்கு அடியில் நுழைந்து உள்ளே போனாள். அதே வழியாகத் திரும்பி வந்தாள்.

"சாயங்காலமே பைப்பு மாத்திருவாங்க அண்ணே."

"மறுக்கலியா?"

"இல்லலா."

"கொஞ்சங்கூட?"

"ஏன் முன்னாடியே வந்து சொல்லலன்னு ஏசுனாரு."

சாயங்காலம் தண்ணீர் வந்தது. லயமே குளித்தது. சன்னாசி மட்டும் காய்ந்துபோய் உட்கார்ந்து, எதைக் கேட்டால் மானேஜர் கட்டாயம் மாட்டேன் என்பார் என்று யோசித்தார். விடிந்ததும் அடுத்த மனுவுக்குக் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டார்: மானேஜரை வருஷா வருஷம் தொழிலாளிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன தடவை சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதற்கோ சண்டைக்குப் போனீர்களே, எதிராளி "சரி, எடுத்துக்கோ" என்று சொன்னதும் உங்கள் முகம் போன போக்கை, கூட வந்தவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.